கோழிக்கு நீல நாடா

அமெரிக்காவில் ஏப்ரல் 4 சிக்கன் கோர்டோன் ப்ளூவின் நாள். ஒருவர் பிறந்ததற்காகவோ ஒரு யுத்தம் முடிந்ததற்காகவோ ஏற்பட்ட நாள் இல்லை இது. ஒரு பதார்த்தத்துக்கென்று ஒதுக்கப்பட்ட நாள். கோழியின் நெஞ்சுக்கறியைத் தட்டி மெல்லியதாக்கி, அதன்மேல் ஒரு துண்டு ஹாம், ஒரு துண்டு சீஸ் வைத்துச் சுருட்டி, மாவிலும் முட்டையிலும் ரொட்டித் தூளிலுமாக மூன்று முறை புரட்டிப் பொரித்தெடுப்பது. அன்று அதைச் சாப்பிட வேண்டும், பிறருக்கும் சொல்ல வேண்டும். வேறு சடங்கு எதுவும் கிடையாது.

நம் பக்கங்களில் இதற்கு இடம் ஏது என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எதைக் கொண்டாட முடியும்? கொண்டாட்டம் என்பது சந்தோஷத்தின் உரத்த குரல் மட்டும்தானா, அல்லது அதற்குள் யாருக்கோ பட்ட கடன் ஒன்று இருந்தாக வேண்டுமா? பெரிய பண்டிகைகளை முன்வைத்து இதைக் கேட்டால் பதில் கிடைக்காது. பக்தி, பழக்கம், பால்ய ஞாபகம் எல்லாம் சேர்ந்து கேள்வியை மூடிவிடும். தெய்வமும் தேசமும் மூதாதையரும் இல்லாத, ஆகச் சிறிய ஒரு பண்டிகையை எடுத்துக்கொண்டால், கொண்டாட்டத்தில் எது மிஞ்சுகிறது, எது காணாமல் போயிருக்கிறது என்பது தெரியும். அதற்காகத்தான் கோழி.

முதலில் இந்த நாட்கள் எப்படி வருகின்றன என்பது. சிலவற்றை அரசாங்கமே அறிவித்திருக்கிறது. 1984 மார்ச் 6-ஐ உறைய வைத்த உணவின் நாளாக ஜனாதிபதி ரீகன் பிரகடனம் செய்தார். அதே ஆண்டு ஜூலை மாதம் ஐஸ்கிரீமுக்கு வழங்கப்பட்டது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் பெருகி, 1995-ல் பிரதிநிதிகள் சபை இனி இவற்றை எடுத்துக்கொள்வதில்லை என்று தன் விதியையே மாற்றிக்கொண்டது. நாட்கள் குறையவில்லை. 1957-லிருந்தே மிஷிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரில் சேஸ் சகோதரர்கள் தொடங்கிய ஆண்டுத் தொகுப்பு ஒன்று விசேஷ நாட்களைச் சேகரித்து வெளியிட்டு வந்தது. 2013-ல் வடக்கு டகோட்டாவின் மேண்டன் நகரில் இதையே தொழிலாகக் கொண்ட ஒரு ஸ்தாபனம் கிளம்பியது. கட்டணம் பெற்றுக்கொண்டு புதிய நாட்களைப் பதிவுசெய்து தருகிறது. ஏப்ரல் 4-க்குப் பின்னால் ஜனாதிபதியின் பிரகடனம் ஒன்றும் இல்லை. பட்டியலில் இருப்பதால் அந்த நாள் இருக்கிறது. அதைப் பார்த்து மற்றப் பட்டியல்களிலும் இருக்கிறது.

இதைக் கேலி செய்வது சுலபம். வியாபாரம் என்ற ஒரு சொல்லைச் சொல்லி முடித்துவிடலாம். நம் வட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். அதைச் சொன்னபின் யாரும் மேலே யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் வியாபாரம் கலந்தது என்பதாலேயே ஒரு பண்டிகை பொய்யாகிவிடாது. எந்தத் திருவிழாவிலும் கடை உண்டு. நேற்று ஏற்பட்டது என்பதும் குற்றமாகாது. எல்லாப் பண்டிகையும் ஏதோ ஒரு நாள் நேற்று ஏற்பட்டதுதான். ஒரு காய்கறிக்கும் ஒரு பிராணிக்கும் நாள் ஒதுக்குவதே சிறுபிள்ளைத்தனம் என்பதும் சரியில்லை. சரித்திரத்தில் மிகுந்த கண்டிப்போடு சிந்தித்த மனிதர்கள் சிலர் இதைச் செய்திருக்கிறார்கள்.

1793-ல் பிரெஞ்சுக் குடியரசு பழைய பஞ்சாங்கத்தை ஒழித்தது. அதில் ஒவ்வொரு நாளும் ஒரு புனிதருக்கு உரியதாக இருந்தது. புதிய பஞ்சாங்கத்தில் புனிதர்கள் இருந்த இடத்தில் தாவரங்களும் பிராணிகளும் கருவிகளும் வந்தன. மாதத்துக்கு 30 நாள், மூன்று பத்துகள். ஐந்தில் முடியும் நாள் ஒரு பிராணிக்கு, பூஜ்யத்தில் முடியும் நாள் ஒரு கருவிக்கு, மற்றவை பெரும்பாலும் பயிர் பச்சைகளுக்கு. பெயர்களைச் சூட்டியவர்களில் முக்கியமானவர் ஃபாப்ர் தெக்லாந்தீன் என்ற கவி, நாடகாசிரியர். முளைவிடும் மாதம் என்ற பொருளில் ஜெர்மினால் என்று ஒரு மாதத்துக்குப் பெயர். நம் கணக்கில் மார்ச் பிற்பகுதியில் தொடங்குவது. அதன் ஐந்தாம் நாள் பெட்டைக் கோழியின் நாள். பத்தாம் நாள் குஞ்சு பொரிக்கும் அடைப்பெட்டியின் நாள். ஏப்ரல் 4-ஆம் தேதி சாதாரணமாக வந்து விழும் பதினைந்தாம் நாள் தேனீக்கு உரியது.

இந்த இரண்டு பஞ்சாங்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். குடியரசு நாள் கொடுத்தது உயிரோடிருக்கும் கோழிக்கு, அது முட்டையிட்டு அடை உட்காரும் பருவத்தில். அதைக் கவனித்து வளர்ப்பவனின் கருவிக்கும் ஒரு நாள் கொடுத்தது. உழைப்பவன் தன் வருஷத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்து அடையாளம் காண வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது. அமெரிக்கப் பட்டியல் நாள் கொடுப்பது தட்டில் வந்து சேர்ந்த பதார்த்தத்துக்கு. அதற்கு முன்னால் நடந்தவை எல்லாம் பஞ்சாங்கத்துக்கு வெளியே இருக்கின்றன. உண்பவன் மட்டும்தான் அங்கே பிரஜை.

குடியரசின் பஞ்சாங்கத்தை நான் ஆராதிக்கவில்லை. ஏழு நாளுக்கு ஒரு முறை கிடைத்த ஓய்வை அது பத்து நாளுக்கு ஒரு முறையாக்கியது; உழைப்பவனை மகிமைப்படுத்திய பஞ்சாங்கத்தை உழைப்பவனே வெறுத்ததற்கு அது ஒரு காரணம். 1806 பிறந்தபோது நெப்போலியன் அதை முடித்துவைத்தான். பெயர் சூட்டிய ஃபாப்ர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. 1794 ஏப்ரல் 5 அன்று தாந்தோனோடு சேர்த்து அவர் தலையும் வெட்டப்பட்டது. அவர் பஞ்சாங்கத்தில் அது ஜெர்மினால் 16, லெட்யூஸ் கீரையின் நாள். நாட்களுக்கு நல்ல பெயர் வைப்பதால் நாட்கள் நல்லவையாகிவிடுவதில்லை. இருந்தும், தோற்றுப்போன அந்தப் பஞ்சாங்கத்துக்குத் தெரிந்த ஒன்று ஜெயித்துவிட்ட இந்தப் பட்டியலுக்குத் தெரியவில்லை. உணவு எங்கிருந்தோ வருகிறது என்பது அது.

இனி பெயருக்கு வருகிறேன். கோர்டோன் ப்ளூ என்றால் பிரெஞ்சில் நீல நாடா. 1578 டிசம்பர் 31 அன்று மூன்றாம் ஹென்றி, பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு வீரர் குழுவை நிறுவினான். அவன் போலந்துக்கு அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் பிரான்சுக்கு அரசனானதும் பெந்தகோஸ்து நாளில் என்பதால் அந்தப் பெயர். நூறு பேருக்கு மேல் கிடையாது. கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பல தலைமுறை உயர்குடிப் பிறப்பை நிரூபிக்க வேண்டும். அவர்கள் அணிந்த சிலுவையின் நடுவில் பரிசுத்த ஆவியைக் குறிக்கும் புறா. அது தொங்கியது நீல நாடாவில். பிரெஞ்சு முடியாட்சியில் அதற்கு மேலான கௌரவம் கிடையாது. நாளாவட்டத்தில் எதிலும் முதல்தரமானதை நீல நாடா என்று சொல்லும் வழக்கம் வந்தது. பிறகு அது குறிப்பாக நல்ல சமையற்காரிக்கான பெயராயிற்று.

இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். பெரிய சமையல் ஆண்களால் மட்டுமே ஆகும் என்று பதினைந்தாம் லூயி நினைத்திருந்தானாம். அவனுடைய காதற்கிழத்தி துபாரி ஒரு விருந்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, சமைத்தவன் யார், அவனை என் அரண்மனைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றானாம். சமைத்தவள் ஒரு பெண் என்று சொல்லி, அவளுக்கு நீல நாடாவுக்குக் குறைந்த எதுவும் தகாது என்றாளாம் துபாரி. கதைதான். நான் படித்த வடிவங்களில் அரசன் பெயர் இருக்கிறது, கிழத்தி பெயர் இருக்கிறது, சமைத்தவள் பெயர் இல்லை. ஆனாலும் கதைக்குள் ஒரு நியாயம் அழுத்தமாக நிற்கிறது. பிறப்பால் மட்டுமே கிடைத்த ஒன்றைக் கைத்திறனால் கேட்கலாம் என்கிறது அது. புரட்சி 1791-ல் அந்த வீரர் குழுவைக் கலைத்தது. திரும்பி வந்த முடியாட்சி அதை மறுபடி எடுத்து நிறுத்தியது. 1830-க்குப் பிறகு அது அரசின் கௌரவமாக இல்லை. நாடா அறுந்தது, சொல் அடுப்படியில் உயிரோடிருந்தது. 1895-ல் மார்த் திஸ்தெல் என்ற பத்திரிகையாளர் பாரிசில் நீல நாடாச் சமையற்காரி என்ற பொருள்படும் பெயரில் ஒரு சமையல் பத்திரிகை தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அதன் பெயரால் வகுப்புகள் ஆரம்பமாயின. இன்றைக்கும் இருக்கும் பிரபல சமையற்பள்ளி அதுதான்.

இது வரைக்கும் சொல்லின் இறக்கம் மனித குலத்துக்கு ஏற்றம் என்றுதான் நான் சொல்வேன். குலத்திலிருந்து திறனுக்கு, சபையிலிருந்து அடுக்களைக்கு, ஆணிடமிருந்து பெண்ணுக்கு. ஒரு கௌரவம் இதைவிட நல்ல பிரயாணம் செய்ய முடியாது.

அதற்கு அடுத்த படிதான் எனக்கு இடறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கன்றுக்குட்டி இறைச்சிக்குள் ஹாமும் சீஸும் வைத்துப் பொரித்த ஒரு பதார்த்தம் இந்தப் பெயரோடு வருகிறது. சுவிட்சர்லாந்தில்தான் அது தோன்றியது என்பது பொதுவான கருத்து. பள்ளிக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. அமெரிக்காவில் கன்றின் இடத்தைக் கோழி பிடித்தது. 1967-ல் அந்நாட்டுப் பத்திரிகையில் சிக்கன் கோர்டோன் ப்ளூ என்ற பெயர் அச்சேறியிருக்கிறது. பிறகு அது தொழிற்சாலைக்குப் போய், உறைய வைத்த பொட்டலமாகக் கடைக்கு வந்தது. வீரனிடமிருந்து சமையற்காரிக்கு வந்த கௌரவம் சமையற்காரியிடமிருந்து பண்டத்துக்குப் போய்விட்டது. முதல் மாற்றத்தில் ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதருக்குப் போனது. இரண்டாவதில் மனிதரிடமிருந்தே போய்விட்டது.

இதில் என்ன நஷ்டம்? நான் இந்தப் பதார்த்தத்தைச் சமைத்திருக்கிறேன். கை படாத பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம். கறியை எல்லா இடத்திலும் ஒரே கனமாகத் தட்ட வேண்டும். ஓரிடம் தடித்துப் போனால் அங்கே வேகாது. ஓரம் சரியாக ஒட்டவில்லையென்றால் சீஸ் உருகி எண்ணெயில் ஓடிவிடும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். காயாமல் இருந்தால் ரொட்டித் தூள் எண்ணெயைக் குடித்துவிடும். செய்கிறவர் தோற்பதற்கு நான்கைந்து இடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி வருவதுதான் திறன். எனவே எனக்குத் தோன்றுவது: தோற்க முடிந்தவரை மட்டும்தான் கௌரவிக்க முடியும். வீரன் யுத்தத்தில் தோற்கலாம். சமையற்காரி அடுப்பில் தோற்கலாம். பண்டம் தோற்காது. அது கெட்டுப்போகலாம், அவ்வளவுதான். தோற்க முடியாத ஒன்றுக்கு நாடா அணிவிக்கும்போது கௌரவம் என்ற செயலே நடைபெறுவதில்லை. நடந்த மாதிரி ஒரு சப்தம் மட்டும் கேட்கிறது. எழுதுகிறவர்களிடம் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுதியவனின் சங்கடங்களை அறியாமல் புத்தகத்துக்கு விழா எடுப்பதைப் பார்த்து வருகிறவர்கள்தானே நாம்.

சமைத்தவருக்குப் பட்ட கடன் இது. இதைவிடப் பெரிய கடன் இன்னொன்று உண்டு.

அந்தக் கோழி. 1925-ல் அமெரிக்காவில் இறைச்சிக் கோழி ஒன்று 112 நாள் வளர்ந்து இரண்டரைப் பவுண்டு எடையோடு சந்தைக்கு வந்தது. இன்று ஏறக்குறைய 47 நாளில் ஆறு பவுண்டுக்கு மேல். 1948-ல் நாளைய கோழி என்ற பெயரில் ஒரு போட்டியே நடத்தி, மார்பு பருத்த இனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தட்டி விரித்து ஹாமைச் சுருட்டுமளவுக்கு அகலமான நெஞ்சுக்கறி தானாக வந்ததில்லை. இப்போது அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 900 கோடிக் கோழிகள் கொல்லப்படுகின்றன. கொல்வதற்கு முன் பிராணியை வலியறியாதபடி செய்ய வேண்டும் என்று 1958-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மாடு, பன்றி, ஆடு எல்லாம் அதில் அடங்கும். கோழி அடங்காது. எண்ணிக்கையில் மற்ற எல்லாவற்றையும்விட எத்தனையோ மடங்கு அதிகமாகக் கொல்லப்படும் உயிர், கருணையின் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அதே உயிர் பண்டமானதும் அதற்கு ஒரு நாள்.

உயிரோடு கோழி மட்டும் மறைவதில்லை. 1991 செப்டம்பர் 3 அன்று வடக்கு கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்ற சிற்றூரில், கோழிக்கறியைப் பொரித்துப் பதப்படுத்தும் ஆலையில், பொரிக்கும் கொப்பரைக்கு அருகே ஹைட்ராலிக் குழாய் ஒன்று விடுபட்டுத் தீப்பிடித்தது. கதவுகள் பூட்டியிருந்தன. கோழித் துண்டுகளைத் தொழிலாளர்கள் திருடிக்கொண்டு போய்விடக் கூடாது என்பது பூட்டியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 25 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். பழைய கதையில் சமையற்காரிக்குப் பெயர் இல்லை. இங்கே பெயர் இருக்கிறது, கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் பொரித்த கோழிக்கு நாள் தேடும் பட்டியல்காரர்கள் செப்டம்பர் 3-க்குப் போவதில்லை. ஏப்ரல் 4-க்குக்கூட அந்நாட்டில் வேறு ஞாபகம் உண்டு. 1968-ல் அந்தத் தேதியில்தான் மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். வேலைநிறுத்தம் செய்த குப்பை அள்ளும் தொழிலாளர்களுக்குத் துணை நிற்க அங்கே போயிருந்தார். அழுக்கான வேலையைச் செய்பவனுக்கும் கௌரவம் உண்டு என்று சொல்லப்போன மனிதர் செத்த தேதியில், வேலை செய்தவர் யாரும் கண்ணில் படாத ஒரு கௌரவம். யாரும் திட்டமிட்டு இப்படி வைத்திருக்க மாட்டார்கள். திட்டமிடாததுதான் விஷயம். அந்தப் பட்டியலுக்கு ஞாபகம் என்ற உறுப்பு கிடையாது.

மேலே போர்த்தியிருக்கும் ரொட்டித் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. ரொலான் பார்த் 1957-ல் வெளிவந்த ‘மிதாலஜி’ தொகுப்பில், பெண்கள் பத்திரிகைகளில் வரும் அலங்காரச் சமையலைப் பற்றி எழுதியிருக்கிறார். பளபளப்பான பூச்சுக்குள் உணவின் முரட்டு இயல்பு ஒளிக்கப்படுவதைக் கவனித்தார். அவரோடு நான் பாதி தூரம்தான் வருவேன். உறை என்றாலே பொய் என்றாகிவிடாது. வீட்டுச் சமையலில் ரொட்டித் தூளுக்கு வேலை இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கிறது, சீஸ் வழியாமல் பிடித்துக்கொள்கிறது. உள்ளே இருப்பதற்கு ஊழியம் செய்யும்வரை உறை நேர்மையானது. கவிதையின் உருவத்தைப் பற்றியும் நான் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

தொழிற்சாலையில் அதே உறை வேறு காரியம் செய்கிறது. உறைய வைத்த பொட்டலங்களில் சில வகைகளில் மேலுறையை மட்டும் பொன்னிறமாகும்வரை லேசாகப் பொரித்துவிடுகிறார்கள். பார்த்தால் வெந்த மாதிரி இருக்கும். உள்ளே கறி பச்சை. வெந்ததுதானே என்று மைக்ரோவேவில் சூடு மட்டும் காட்டித் தின்றவர்கள் நோயில் விழுந்தார்கள். 1998-க்குப் பிறகு இவ்வகைப் பூரணம் வைத்த கோழிப் பண்டங்களால் 14 முறை சால்மொனெல்லா பரவி, சுமார் 200 பேர் நோயுற்றதாக அமெரிக்க அரசே கணக்குச் சொல்லியிருக்கிறது. 2024-ல்தான், குறிப்பிட்ட அளவுக்கு மேல் அந்தக் கிருமி இருந்தால் இப்பண்டத்தைக் கலப்படமாகவே கருதுவது என்று முடிவு செய்தார்கள். அமலாக்குவது 2025-ல் தள்ளிப்போடப்பட்டது. வெளித்தோற்றம் வெந்துவிட்டது என்கிறது, உள்ளே வேகவில்லை. இதை உவமையாக்க எனக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு அது உவமையாக இருந்ததில்லை.

இப்போது எனக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று. கடனை ஒப்புக்கொள்வதால் கோழிக்கு என்ன லாபம்? பிரார்த்தனை சொல்லி அறுத்த கோழியும் சொல்லாமல் அறுத்த கோழியும் ஒரே மாதிரிதான் சாகின்றன. ஒப்புக்கொள்ளல் என்பது உண்பவன் தன் மனசுக்குச் செய்துகொள்ளும் சொஸ்தம் மட்டும்தானே? இது கனமான ஆட்சேபம். பிரார்த்தனையும் ஒரு ரொட்டித் தூள் உறையாகிவிட முடியும் என்று நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒப்புக்கொள்ளலுக்கு ஒரு அடையாளம் உண்டு. ஒப்புக்கொள்கிறவனுக்கு அது ஏதாவது செலவு வைக்கும். 2021-ல் ஈஸ்டர் ஏப்ரல் 4 அன்று வந்தது. அன்று அமெரிக்காவில் ஒரு மேஜைமேல் இரண்டு பண்டிகைகளும் சந்தித்திருக்கக்கூடும். ஒன்றுக்கு முன்னால் நாற்பது நாள் தவக்காலம் இருந்தது. அதை நிஜமாக அனுசரித்தவன் சில நாட்களாவது இறைச்சியை விட்டிருப்பான். மற்றதற்கு முன்னால் ஏப்ரல் 3 மட்டும் இருந்தது. எல்லா நாளும் தின்னக் கிடைப்பதை ஒரு நாள் தின்பது கொண்டாட்டமா என்பதுதான் கேள்வி. செலவு வைக்கும் ஒப்புக்கொள்ளல் எண்ணிக்கைக்கு ஒரு எல்லையைக் கொண்டுவரும். 900 கோடி முறை மனசாரக் கடன்பட முடியாது. கோழிக்கு லாபம் என்று ஏதாவது இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது.

இரண்டு. அப்படியானால் மாமிசத்தையே விட்டுவிட வேண்டியதுதானே? நான் மாமிசம் உண்பவன். இந்தக் கட்டுரையை எழுதி முடித்த பிறகும் உண்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு, எதை, யார் கையால் என்ற கேள்விகள் இனி எனக்கு வெறும் ருசியின் கேள்விகளாக இரா. யோசித்து, தன் ருசியோடு சண்டைபோட்டு விட்டவர்கள் என்னை விட மேலான இடத்தில் இருக்கிறார்கள். அதை ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நம் வட்டத்தில் பிறப்பாலேயே மரக்கறி உண்பவர்கள் சிலர் இந்தக் கட்டுரையைப் படித்துத் திருப்தியடையப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிறந்தபோதே கழுத்தில் மாட்டிய சுத்தம், மூன்றாம் ஹென்றியின் வீரர்கள் அணிந்த நாடாவைப் போன்றது. தலைமுறைக் கணக்குக் காட்டி வாங்கியது. தோற்க வாய்ப்பே இல்லாத இடத்தில் பெற்ற வெற்றி. துபாரியின் சமையற்காரி கேட்டது அதையல்ல.

மூன்று. வேலை முடிந்து அலுத்து வீடு திரும்பும் ஒரு பெண், குழந்தைகளுக்காக ஒரு பொட்டலத்தை அடுப்பில் வைத்து, இன்றைக்கு இதன் நாளாம் என்று சொல்லி அவர்களைச் சிரிக்கவைக்கிறாள். அவளிடம் போய்க் கடன், ஞாபகம் என்று பேச உனக்கு என்ன உரிமை? எந்த உரிமையும் இல்லை. என்னை அதிகம் தொந்தரவு செய்தது இந்த ஆட்சேபம்தான். ஏனென்றால் அந்த மேஜையில் கொண்டாட்டம் நிஜமாகவே நடக்கிறது. ஆனால் எதன் கொண்டாட்டம்? அலுப்பை மீறி அவள் சிரிக்கவைத்தாளே, அதன் கொண்டாட்டம். தோற்க முடிந்த ஒருத்தி தோற்காமல் நின்றாள். நாடா அவளுக்கு உரியது. பட்டியல் அதை அவளிடமிருந்து எடுத்துப் பொட்டலத்தின்மேல் ஒட்டிவிட்டது என்பதுதான் என் புகார். அந்தக் கோழியை அறுத்துக் கொடுத்தவளும் அவளைப் போல அலுத்து வீடு திரும்புகிற ஒருத்தியாகத்தான் இருப்பாள். இருவரையும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்களாக வைத்திருப்பதில்தான் இந்த நாளின் சௌகரியம் இருக்கிறது.

ஆக, கொண்டாட்டத்துக்குள் கடன் இருந்தாக வேண்டும் என்றே முடிவு செய்கிறேன். பக்தி இல்லாமல் கடன் இருக்கலாம். பருவம், உழைத்தவர், செத்த உயிர், சமைத்த கை, இவற்றில் ஒன்றையாவது பார்த்துத் தலை அசைத்தால் அது கொண்டாட்டம். எவ்வளவு சிறியதானாலும், நேற்றுத் தொடங்கியதானாலும். எதையும் பார்க்காவிட்டால் அது தீனி. தீனியில் பாவம் எதுவும் இல்லை, பசிக்கிறது, தின்கிறோம். தீனிக்குக் கொண்டாட்டத்தின் பெயரைக் கொடுக்கும்போதுதான் அந்தப் பெயரை நம்பி நிற்கிற மற்றவையும் மலிகின்றன.

ஏப்ரல் 4-ஐ ஒழிக்க வேண்டியதில்லை. அதைப் பத்து நாள் முன்னால் தள்ளி வைத்தால் போதும். மார்ச் 25, ஜெர்மினால் 5. அங்கே ஒரு பெட்டைக் கோழி, இன்னும் உயிரோடு, 1793-லிருந்து நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.